காட்டை இழந்த குட்டி ஆட்கள்: ‘தி கிரெம்லின்ஸ்’ கதையின் முரண்நகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை வாசிப்பது எங்கள் வழக்கம். இந்தக் கதையை வாசித்த பிறகு பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் மாறி மாறிக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கதை முழுவதையும் சொல்லித்தான் பதில் சொல்கிறேன். முதலில் நீங்களே வாசிக்க விரும்பினால் வாசித்துவிட்டு வாருங்கள்.

எந்தக் கதை இது? கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ரோல்ட் டால் எழுதி, வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவின் ஓவியங்களோடு 1943-ல் ரேண்டம் ஹவுஸ் வெளியிட்ட ‘தி கிரெம்லின்ஸ்’. டாலின் முதல் சிறுவர் புத்தகம் இதுதான். அப்போது அவர் எழுத்தாளராக அறியப்படவில்லை. பிரிட்டிஷ் ராயல் ஏர்ஃபோர்ஸில் ஃப்ளைட் லெப்டினன்ட். அந்தப் பதவிப் பெயரோடுதான் புத்தகமும் வந்தது.

1940-ல் இங்கிலாந்துக்கு மேலே வான்போர் நடந்துகொண்டிருக்கிறது. கஸ் என்ற இளைஞன் ஹரிக்கேன் போர்விமானம் ஓட்டுகிறான். இறக்கையைத் திரும்பிப் பார்த்தால், ஒரு சாண் உயரம்கூட இல்லாத குட்டி ஆள் ஒருவன் அங்கே நின்று துளை போட்டுக்கொண்டிருக்கிறான். விமானம் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே நாசமாகிறது. பாராசூட்டில் இறங்கும்போதே கஸ் அந்த ஆளோடு பேசத் தொடங்குகிறான். கிரெம்லின்கள் ஏன் விமானங்களைக் கெடுக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியவருகிறது: விமானத் தொழிற்சாலை கட்டுவதற்காக அவர்கள் குடியிருந்த காட்டை வெட்டி அழித்துவிட்டார்கள். “நமக்குள் சண்டை வேண்டாம், ஹிட்லர்தான் இருவருக்கும் பொது எதிரி” என்று கஸ் அவர்களைச் சம்மதிக்க வைக்கிறான். கெடுத்த கைகளுக்கே பழுதுபார்க்கும் பயிற்சி தரப்படுகிறது. பிறகு கஸ் பெரிய விபத்து ஒன்றில் சிக்கி, பறக்க முடியாமல் போகும்போது, அவனை மறுபடி வானத்துக்கு அனுப்பி வைப்பவர்களும் அவர்களே.

கிரெம்லின் என்பது மாஸ்கோவில் இருக்கும் மாளிகை இல்லையா?

தமிழில் எழுதினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் வருவதால் இந்தக் கேள்வி தவறாமல் வருகிறது. இரண்டுக்கும் உறவில்லை. ரஷ்ய மாளிகையின் பெயர் வல்லின ‘க’ ஒலியில் தொடங்கும். இந்தக் குட்டி ஆட்களின் பெயர் ‘கங்கை’யில் வரும் மெல்லொலியோடு தொடங்கும். ஆங்கிலக் காதுக்கும் இந்த ஒற்றுமை கேட்டிருக்கிறது. 1944-ல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த ஒரு கார்ட்டூனில், ‘கிரெம்ளினிலிருந்து வந்த கிரெம்லின்கள்’ என்று பாடிக்கொண்டே ஹிட்லரின் விமானத்தைப் பிய்த்துப் போடுகிறார்கள்.

டால் பிற்காலத்தில் இந்தச் சொல்லைத் தானே உருவாக்கியதாகச் சொல்லிக்கொண்டார். அது சரியல்ல. மால்டாவிலும் மத்திய கிழக்கிலும் இந்தியாவிலும் இருந்த பிரிட்டிஷ் விமானிகளின் பேச்சில் 1920-களிலேயே இந்தச் சொல் புழங்கியது. டால் செய்தது வேறு, அதுவும் பெரிய காரியம்தான்: வெறும் பேச்சுச் சொல்லாக இருந்ததற்கு ஊர், குடும்பம், கோபம் எல்லாவற்றையும் கொடுத்தார்.

முரண்நகை என்றால் கிண்டல்தானே?

இல்லை. கிண்டல் அதில் ஒரு சிறு பகுதி. சொல்வதற்கும் அதன் உண்மைப் பொருளுக்கும் நடுவில், அல்லது எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் நடுவில் ஓர் இடைவெளி திறக்கும். அந்த இடைவெளியில் ஓர் உண்மை பளிச்சென்று தெரியும். அதுதான் முரண்நகை. ‘நகை’ என்று பெயரில் இருந்தாலும் சிரிப்பு வந்தாக வேண்டும் என்பதில்லை.

நம்மிடம் இதற்கு மிகப் பழைய உதாரணம் உண்டு, அதுவும் போர்க்கருவிகளைப் பற்றியே. புறநானூறு 95. தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்த ஔவையார், உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன என்கிறார். அதியமானின் ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்டவுடன் முன்னது புகழ்ச்சி, பின்னது குறை. கொஞ்சம் யோசித்தால் தலைகீழ். உடைந்து பட்டறைக்குப் போன கருவிதான் உழைத்த கருவி. இந்தப் பாட்டு தெரிந்த பிள்ளைக்கு கிரெம்லின் கதை பாதி புரிந்த மாதிரி, ஏனென்றால் இதுவும் உடைந்த போர்க்கருவிகளும் பட்டறையும் சேர்ந்த கதை.

இந்தக் கதையின் நடுமையமான முரண்நகை எது?

பலர் சட்டென்று சொல்வது, கெடுத்தவனே பழுதுபார்ப்பவன் ஆகிறான் என்பதை. திருடன் கையில் சாவியைக் கொடுத்து, அவன் நல்ல காவல்காரனாக மாறிய மாதிரி. அது உண்டுதான். இறக்கையில் எந்த இடத்தில் துளை போட்டால் விமானம் விழும் என்று தெரிந்தவனுக்குத்தான் எந்த இடத்தைக் காக்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது. என் மனத்தை விட்டுப் போகாதது அதுதான். இந்தக் கதையில் முதலில் தவறிழைத்தவர்கள் கிரெம்லின்கள் அல்ல. நாட்டைக் காக்க விமானம் வேண்டும், விமானத்துக்குத் தொழிற்சாலை வேண்டும், தொழிற்சாலைக்கு இடம் வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கூட்டம் குடியிருந்தது. யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. “எங்கள் வீடுகளை எதிரி அழிக்க வருகிறான்” என்று சொல்லிப் போராடும் ஒரு நாடு, அந்தப் போராட்டத்துக்காகவே வேறு சிலருடைய வீட்டை அழித்திருக்கிறது. போர்க்காலத்தில், பிரசாரத்தின் உச்சத்தில், சீருடையில் இருந்த ஓர் அதிகாரி எழுதிய சிறுவர் கதையில் இந்த உண்மை பட்டவர்த்தனமாக உட்கார்ந்திருக்கிறது.

ஹரிக்கேன் விமானத்தின் உடலைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது இன்னும் அழுத்தமாகப் படும். முழுக்க உலோகத் தகட்டால் ஆனது அல்ல அது. விமானி இருக்கைக்குப் பின்னால் வால்வரை உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டம். அதன்மேல் வடிவம் கொடுக்க மரத்தால் செய்த வளையங்களும் நீள நீளமான மெல்லிய சட்டங்களும். அவற்றின்மேல் இழுத்துப் போர்த்திய லினன் துணி. துணி சுருங்கி இறுகுவதற்காக ‘டோப்’ என்ற பூச்சு. விரலால் தட்டினால் தோல் போர்த்திய பறை மாதிரி அதிரும். அதாவது கஸ் ஓட்டிய வகை விமானத்துக்குள்ளேயே கொஞ்சம் காடு இருந்தது. அதே காலத்து மஸ்கிட்டோ விமானம் பெரும்பாலும் மரப்பலகையாலேயே கட்டப்பட்டது. டால் இதை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் குட்டி ஆள் இறக்கைமேல் நிற்கும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அவன் தன் ஊரின் மிச்சத்தின்மேல் நிற்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் கிரெம்லின்கள் நல்லவர்களா, கெட்டவர்களா?

இதே கேள்வியை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வேறு விதமாகக் கேட்டான்: “அவங்க வீட்ட இவங்க இடிச்சாங்க. இவங்க ஃப்ளைட்ட அவங்க உடைச்சாங்க. அப்புறம் எதுக்கு அவங்க மட்டும் திருந்தணும்?” அன்றைக்கு வாசிப்பு அந்த இடத்திலேயே நின்றுபோனது. பெரியவர்கள் யாரும் அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

கதை கிரெம்லின்களின் கோபத்தைப் பொய் என்று சொல்வதில்லை. அதுதான் அதன் நேர்மை. ஆனால் அந்தக் கோபத்தை ஓரமாக வைக்கச் சொல்கிறது, இதைவிடப் பெரிய ஆபத்து வாசலில் நிற்கிறது என்று காரணமும் காட்டுகிறது. 1940-ல் அது வெறும் சாக்கு அல்ல, ஹிட்லரின் படை உண்மையிலேயே கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்றது. இரண்டு உண்மைகளும் சேர்ந்தே நிற்கின்றன. ஒன்றை வைத்து மற்றதை அழிக்காமல் வாசிப்பதுதான் இந்தக் கதைக்கு நாம் செய்யும் நியாயம்.

அவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருகிறார்கள்?

பயன்படுத்திய தபால்தலைகளைக் கொடுத்து. கிரெம்லின்களுக்கு அதுதான் உணவு. பிள்ளைகள் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். போர்க்காலத்தில் தபால்தலை என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். தூரத்தில் இருக்கும் மகனிடமிருந்து வீட்டுக்கு வந்த கடிதத்தின் அடையாளம் அது. முத்திரை குத்தியபின் யாருக்கும் பயனில்லாத துண்டுக் காகிதம். அதைத் தின்றுதான் அவர்கள் விமானங்களைக் காக்கிறார்கள்.

விமானிகள் இவற்றை உண்மையிலேயே நம்பினார்களா?

பேயை நம்புவதுபோல நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தேவைப்பட்டது. ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள அந்த இயந்திரங்களோடு கொஞ்சம் பழக வேண்டும்.

ஹரிக்கேனிலும் ஸ்பிட்ஃபயரிலும் மெர்லின் என்ற ஒரே வகை எஞ்சின். விமானி சட்டென்று மூக்கைக் கீழே தள்ளினால், கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் மேல்பக்கம் எழும்பிவிடும். எஞ்சினுக்குத் தீனி நிற்கும். சில நொடிகள் இருமி, அணைந்து, மறுபடி பிடிக்கும். அவன் துரத்திப் போகும் ஜெர்மன் விமானத்தில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் அமைப்பு இருந்ததால் அதற்கு அந்தத் தொல்லை இல்லை. அந்தச் சில நொடிகளில் எதிரி தப்பிவிடுவான், அல்லது நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். 1941-ல் ஃபார்ன்பரோவில் வேலை பார்த்த பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர், நடுவில் துளையிட்ட ஒரு சின்ன உலோக வில்லையை எரிபொருள் பாதையில் பொருத்தி இந்தத் தொல்லையைப் பெருமளவு அடக்கினார். கைக்குள் அடங்கும் ஒரு வில்லை! அதுவரை எத்தனை விமானிகள் “இதோ எஞ்சினுக்குள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்” என்று பல்லைக் கடித்திருப்பார்கள்.

இது ஒன்று மட்டுமல்ல. உயரத்தில் துப்பாக்கிகள் உறைந்துபோகும். ஈரமும் தூசியும் புகாமல் இருக்க, இறக்கையில் உள்ள எட்டுத் துப்பாக்கி வாய்களிலும் சிவப்புத் துணிப்பட்டி ஒட்டி அனுப்புவார்கள். முதல் குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும். விமானம் திரும்பி வரும்போது பட்டி கிழிந்திருந்தால் அவன் சண்டை போட்டிருக்கிறான் என்று தரையில் காத்திருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். ஆக்சிஜன் குழாயில் சிறு கசிவு இருந்தால் விமானிக்கு மூளை மந்தித்து, இல்லாதது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது விமானியின் நிலையில் இருந்து யோசியுங்கள். இருபது வயது. ராத்திரி முழுக்கக் கொட்டகையில் வேலை பார்த்த மெக்கானிக் இறுக்கிய போல்ட்டை நம்பித்தான் காலையில் ஏறுகிறான். ஏதோ கோளாறு வந்து, உயிர் பிழைத்துத் திரும்பினால் யாரைத் திட்டுவது? மெக்கானிக்கைத் திட்டினால் நாளைக்கு அவன் முகத்தைப் பார்த்து எப்படி ஏறுவது? தன்னையே குற்றம் சொன்னால் நாளைக்குக் கை நடுங்கும். “கிரெம்லின் வேலை” என்று சொல்லிவிட்டால் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அடுத்த வேலைக்குப் போகலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. உயிரோடு இருக்கும் இருவருக்கு நடுவில் நம்பிக்கை உடையாமல் இருக்க, இல்லாத ஒருவனைப் பழி சுமக்க வைத்தார்கள்.

அந்த இல்லாத ஒருவனுக்குத்தான் டால் ஒரு நியாயத்தைக் கொடுத்தார். பழி சுமக்க உருவாக்கப்பட்டவன் வாயைத் திறந்து, “எனக்கும் ஒரு வீடு இருந்தது” என்கிறான்.

இது போர்ப் பிரசாரக் கதைதானே?

ஆம், ஒரு பகுதி பிரசாரம்தான், மறைக்க வேண்டியதில்லை. சீருடையில் இருந்தவர் எதை எழுதினாலும் மேலிடத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். 1942-ல் டால் வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதரகத்தில் துணை விமானப்படை அதிகாரியாக இருந்தார். அமெரிக்கர்களின் மனத்தில் பிரிட்டனுக்கு இடம் பிடிப்பது அங்கிருந்த எல்லோருடைய வேலையும்தான். கையெழுத்துப்படி பிரிட்டிஷ் தகவல் சேவையில் இருந்த சிட்னி பெர்ன்ஸ்டீன் மூலம் வால்ட் டிஸ்னிக்குப் போனது. புத்தக வருமானம் விமானப்படையினரின் நலநிதிக்குச் சென்றது. அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் தன் பேரக்குழந்தைகளுக்கு இதை வாசித்துக் காட்டினார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். விமானிகளின் வாய்மொழிக் கதைகளில் கிரெம்லினுக்குக் கட்சி கிடையாது. ஆரம்பத்தில் எதிரியின் ஆட்களோ என்று சந்தேகப்பட்டார்கள். எதிரி விமானங்களுக்கும் அதே தொல்லைகள் என்று தெரிந்த பிறகு அந்தச் சந்தேகம் போனது. யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் குறும்பனுக்குப் புத்தகம் ஒரு பக்கத்தைத் தேர்ந்து கொடுத்தது. கதைக்கு அது லாபமா நட்டமா என்பதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவில்லை. ஆனால் காடு போன கோபம் என்ற காரணம் இல்லாமல் இருந்திருந்தால், இது இன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்காத பிரசாரத் துண்டாக முடிந்திருக்கும்.

டால் தன் சொந்த விபத்தைத்தான் கதையாக்கினாரா?

நேரடியாக அல்ல. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரியும்.

1940 செப்டம்பர் 19. டால் 80-ஆவது ஸ்க்வாட்ரனில் சேருவதற்காக ஒரு கிளாடியேட்டர் விமானத்தில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தார். சொல்லப்பட்ட இடத்தில் விமானத்தளம் இல்லை. பெட்ரோல் தீர்ந்துகொண்டே வந்தது, பொழுதும் சாய்ந்தது. பாலைவனத்திலேயே இறக்கப் பார்த்தார். சக்கரப் பகுதி பாறையில் மோதி விமானம் நொறுங்கியது. மண்டை ஓட்டில் முறிவு, மூக்கு நசுங்கியது, கண் தெரியவில்லை. எரியும் விமானத்திலிருந்து எப்படியோ தவழ்ந்து வெளியே வந்தார். அலெக்சாந்திரியா மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்து பார்வை திரும்பியது. அவருக்குக் கொடுக்கப்பட்ட இட விவரமே தவறு என்று பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது.

எதிரியின் ஒரு குண்டுகூட அந்த விமானத்தைத் தொடவில்லை. ஆனால் 1942 ஆகஸ்டில் அந்த அனுபவத்தை ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ வெளியிட்டபோது தலைப்பு ‘லிபியாவில் சுட்டு வீழ்த்தப்பட்டேன்’. போர்க்காலத்துக்கு வீரக்கதை வேண்டும். தவறான வரைபடக் குறிப்பு வீரக்கதை ஆகாது.

தன் பக்கத்து ஆட்களின் தவறால் நொறுங்கிய ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்குள் எழுதிய கதையில் விமானத்தைக் கெடுப்பது ஒரு குட்டி ஆள். அந்தக் குட்டி ஆளின் கோபத்துக்குக் காரணமோ மறுபடியும் தன் பக்கத்து ஆட்களின் தவறு. சுற்றி வளைத்து உண்மை வந்து சேர்ந்துவிட்டது.

கஸ் விபத்துக்குப் பிறகு மறுபடி பறக்கிறான். டாலும் 1941 ஏப்ரலில் கிரேக்கத்தில் ஹரிக்கேன் ஓட்டிப் போரிட்டார். ஆனால் தலைக்காயத்தின் விளைவாக வந்த கடும் தலைவலியும் மயக்கமும் விடவில்லை. அந்த ஆண்டே பறக்கத் தகுதியற்றவர் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நிஜத்தில் அவருக்கு உதவ எந்தக் கிரெம்லினும் வரவில்லை. கஸ்ஸுக்கு அனுப்பி வைத்தார். கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதனால்தான் அது.

டிஸ்னி படம் எடுத்ததா?

எடுக்கத் தொடங்கியது, முடிக்கவில்லை. டால் ஹாலிவுட்டுக்கே போய் வேலை செய்தார். பிரிட்டிஷ் விமானத்துறை இறுதி ஒப்புதல் உரிமை தனக்கு வேண்டும் என்றது. ஊர்ப் பொதுச் சொத்தான ஒரு வாய்மொழிக் குறும்பனை ஒரு நிறுவனம் தன் சொத்தாக்குவதும் சுலபமாக இல்லை. படம் கைவிடப்பட்டது. இயந்திரங்களைக் கெடுக்கும் ஆட்களைப் பற்றிய படம் பட்டறையிலேயே நின்றுபோனது. 1943-லேயே வார்னர் பிரதர்ஸ் தன் முயல் பக்ஸ் பன்னியை ஒரு கிரெம்லினோடு மோதவிட்டுக் குறும்படம் வெளியிட்டுவிட்டது. மிஞ்சியது புத்தகமும் ஓவியங்களும் சில காமிக்ஸ் பக்கங்களும்தான்.

ஃபிஃபினெல்லா யார்? அவளைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

கதையில் பெண் கிரெம்லின்களுக்கு ஃபிஃபினெல்லா என்று பெயர், குட்டிகளுக்கு விட்ஜெட். ஃபிஃபினெல்லா என்பது ஒரு பந்தயக் குதிரையின் பெயர். டால் பிறந்த 1916-ல் டெர்பி, ஓக்ஸ் என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் வென்ற பெண் குதிரை.

புத்தகத்துக்கு வெளியே அவளுக்குக் கிடைத்த வாழ்க்கைதான் பெரியது. அமெரிக்காவில் போர்க்கால விமானப் பணிக்கு வந்த பெண்களின் அமைப்பு, சுருக்கமாக ‘வாஸ்ப்’, டிஸ்னியின் அனுமதியோடு ஃபிஃபினெல்லாவைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. தலைக்கவசமும் கண்ணாடியும் மாட்டிய, இறக்கை முளைத்த குட்டிப் பெண். டெக்சாஸில் ஸ்வீட்வாட்டர் ஊருக்குப் பக்கத்தில் இருந்த அவெஞ்சர் ஃபீல்டு பயிற்சித் தளத்தின் வாசலில் அவள் நின்றாள், பெண்களின் தோல் ஜாக்கெட்டுகளில் ஒட்டப்பட்டாள். மொத்தம் 1,074 பேர் பயிற்சி முடித்தார்கள்.

அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? தொழிற்சாலையிலிருந்து விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டுசேர்ப்பது, ஆண் வீரர்கள் சுட்டுப் பழகுவதற்கு இலக்குத் துணியை வானத்தில் இழுத்துக்கொண்டு பறப்பது, பழுதுபார்த்து முடித்த விமானம் சரியாகிவிட்டதா என்று ஓட்டிப் பார்ப்பது. அதாவது உள்ளே இன்னும் கிரெம்லின் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் ஏறிப் பார்ப்பவர்கள் இவர்கள். ஜாக்கெட்டிலோ ஒரு கிரெம்லின் பெண்.

38 பேர் பணியில் இறந்தார்கள். அவர்களுக்கு ராணுவ அந்தஸ்து கிடையாது, சிவில் பணியாளர்கள் என்றே கணக்கு. இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவைக் குடும்பம் ஏற்க வேண்டும், அல்லது உடன் வேலை பார்த்த பெண்கள் தங்களுக்குள் காசு திரட்டித் தர வேண்டும். சவப்பெட்டியின்மேல் கொடி போர்த்த உரிமையில்லை. ராணுவ அந்தஸ்து தரும் மசோதா 1944-ல் நாடாளுமன்றத்தில் தோற்றது. அந்த டிசம்பரிலேயே அமைப்பு கலைக்கப்பட்டது. கதையில் கிரெம்லின்களுக்குப் பயிற்சி கொடுத்து விமானப்படை ஏற்றுக்கொண்டது. நிஜத்தில், அதே கிரெம்லின் பெண்ணின் படத்தை அணிந்த மனுஷிகளை ஏற்கவில்லை. முன்னாள் படைவீரர் அந்தஸ்து 1977-ல்தான் வந்தது. நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் கைக்கு வந்தது 2010-ல். அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்தப் புத்தகத்தைச் சுற்றியுள்ள முரண்நகைகளிலேயே நெஞ்சை அறுப்பது இதுதான்.

டால் பிறகு கிரெம்லின்களை மறந்துவிட்டாரா?

இல்லை. 1948-ல் ‘சம் டைம் நெவர்’ என்று பெரியவர்களுக்காக ஒரு நாவல் எழுதினார். ஹிரோஷிமாவுக்குப் பிறகு அணுயுத்தத்தைக் கற்பனை செய்த ஆரம்பகால நாவல்களில் ஒன்று. அதில் கிரெம்லின்கள் சமாதானமாகவில்லை. மனிதர்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்ளட்டும், பூமி நமக்கு வரும் என்று மண்ணுக்கடியில் காத்திருக்கிறார்கள். மனிதர்களும் அப்படியே அழிகிறார்கள். ஆனால் கிரெம்லின்களும் மறைந்துபோகிறார்கள். மனிதக் கற்பனையில் பிறந்தவர்கள், கற்பனை செய்ய ஆள் இல்லாமல் எப்படி இருப்பது?

1943-ல் கைகுலுக்க வைத்தவர் ஐந்தே ஆண்டில் அந்தக் கையை விலக்கிவிட்டார். நடுவில் என்ன நடந்தது என்பதைச் செய்தித்தாள் வாசித்த எல்லோரும் அறிவார்கள். நாவல் விற்கவில்லை. சிறுவர் கதையை மட்டும் வாசித்தவர்கள் இதன் சுருக்கத்தையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

1984-ல் வந்த படமும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஜோ டான்டே இயக்கிய அந்தப் படத்தின் கதை வேறு. பெயரும் குறும்பும் மட்டும் பொது. 1963-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில், பறக்கும் விமானத்தின் இறக்கைமேல் ஒரு ஜந்துவைப் பயணி ஒருவர் மட்டும் பார்க்கும் ‘ட்வைலைட் ஸோன்’ கதைக்கும் இந்த வாய்மொழி மரபுதான் வேர்.

புத்தகம் இப்போது கிடைக்குமா? எந்த வயதுக்குச் சரி?

போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் அப்போது மறுபதிப்பு வரவில்லை. பல பத்தாண்டுகள் பழைய புத்தகச் சேகரிப்பாளர்களின் கையில் மட்டுமே இருந்தது. 2006-ல் டார்க் ஹார்ஸ் பதிப்பகம் மறுபடி வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேல் யாருக்கும் வாசித்துக் காட்டலாம்.

வாசித்துக் காட்டும்போது எந்த இடத்தில் நிறுத்திப் பேசுவது?

தபால்தலையிலும் குட்டிகளின் சேட்டையிலும் நிறுத்த வேண்டாம், ஓடட்டும். காடு விழும் இடத்தில் நிறுத்துங்கள். மரங்கள் சாய்கின்றன, குட்டி ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கொடுங்கள். எங்கள் வீட்டில் மகள் விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, “இவங்க அன்னைக்கு ராத்திரி எங்க தூங்குனாங்க?” என்று கேட்டாள். நாங்கள் அன்று அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.